பெண் தலைவரைத் திட்டுவதெல்லாம் பெண்ணை இழிவுபடுத்துவது ஆகுமா?

2011 மார்ச் 23. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் நாடாளுமன்றத்துக்கு வெளியே பெரிய ஆர்ப்பாட்டம். காற்றில் கரியமில வாயுவைக் கலக்கும் பெரிய நிறுவனங்கள் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று அரசு ஒரு திட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்திருந்தது. மின்கட்டணம் ஏறிவிடும் என்று பயந்தவர்கள் அதை எதிர்த்துக் கூடியிருந்தார்கள். பிரதமராக இருந்தவர் ஜூலியா கில்லார்ட், அந்த நாட்டின் முதல் பெண் பிரதமர். எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் கூட்டத்தில் பேச வந்தார். அவர் பேசும்போது பின்னால் அட்டைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அந்தப் படம்தான் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது.

அட்டைகளில் இருந்த மூன்று வாசகங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஜூலியா என்ற பெயரோடு 'பொய்யர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஒட்டி 'ஜூலயர்' என்று எழுதியது. இரண்டாவது, 'சூனியக்காரியைத் துரத்து'. மூன்றாவது, பாப் பிரவுனின் பெட்டை நாய் என்று அவரைச் சொன்னது. பாப் பிரவுன் அப்போது பசுமைக் கட்சியின் தலைவர். கில்லார்டின் சிறுபான்மை அரசு அந்தக் கட்சியின் ஆதரவிலும் சில சுயேச்சைகளின் ஆதரவிலும் நின்றுகொண்டிருந்தது.

மூன்றுமே மரியாதை இல்லாத வார்த்தைகள். மூன்றும் ஒரே கோபத்திலிருந்து வந்தவை, ஒரே கூட்டத்தில், ஒரே ஆளை நோக்கி. ஆனாலும் மூன்றும் ஒரே மாதிரியானவை அல்ல. ஏன் அல்ல என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

'பொய்யர்' என்பதை முதலில் பார்ப்போம். 2010 ஆகஸ்ட் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, தன் தலைமையிலான அரசில் கார்பன் வரி இருக்காது என்று கில்லார்ட் சொன்னார். தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கூட்டாளிகளைச் சேர்த்து ஆட்சி அமைத்த பிறகு, 2011 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தை அறிவித்தார். கொடுத்த வாக்கை மீறினார் என்று ஒரு வாக்காளர் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அது வரியா, வெறும் விலையா, சூழ்நிலை மாறியதா என்றெல்லாம் அவர் தரப்பு வாதாடலாம். ஆக, 'பொய்யர்' என்பது ஒரு குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம் கேட்கலாம், மறுப்பும் சொல்லலாம். அதே வாக்கை ஒரு ஆண் பிரதமர் மீறியிருந்தாலும் அதே வார்த்தை அவர் மேல் அப்படியே உட்காரும்.

'சூனியக்காரி' என்பதற்கு என்ன மறுப்புச் சொல்வது? அதில் எந்தச் செயலும் இல்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஆயிரக்கணக்கான பெண்களைப் பிடித்துக் கொன்றபோது சொன்ன பெயர் அது. அதிகாரம் பெண் கையில் இருந்தால் அது தவறான வழியில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழைய பயம் அதற்குள் இருக்கிறது. மூன்றாவது வாசகம் இன்னும் ஒரு படி கீழே போகிறது. கூட்டணிக் கட்சிக்கு அளவுக்கு மீறி விட்டுக்கொடுக்கிறார் என்பது அரசியல் விமர்சனம். அதைச் சொல்ல ஒரு ஆணுக்கு அடங்கிய பெண் விலங்கு என்ற படம் எதற்கு?

சரி, பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

தமிழில் இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு சொற்கள் குழம்புகின்றன. 'பாலியல்' என்றால் உடல் சார்ந்த உறவு, இச்சை பற்றியது. 'பாலினம்' என்றால் ஒருவரை ஆண் என்றோ பெண் என்றோ சமூகம் வைத்துப் பார்ப்பது, அதற்காக விதிக்கும் நடை, உடை, வேலை எல்லாம். பெண் என்பதாலேயே ஒருவரைக் குறைவாக நினைப்பதும் நடத்துவதும் பாலினப் பாகுபாடு. அந்த நினைப்பைக் கருவியாக எடுத்துத் திட்டினால் அது பாலின வசை. அதில் ஆபாசம் இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. 'போய் அடுப்பைப் பார்' என்பதில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. ஆனால் அது பாலின வசை.

அப்படியானால் ஒரு வசை பாலின வசையா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பலரும் சொல்லும் எளிய வழி, அந்த இடத்தில் ஒரு ஆணை வைத்துப் பார்ப்பது. வார்த்தை அப்போதும் அதே வேகத்தில் குத்தினால் அது பொதுவான திட்டு. பொருளே இல்லாமல் போனால், அதுவரை அது பெண் என்பதை வைத்துத்தான் குத்திக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

இந்தச் சோதனை பெரும்பாலும் உதவும், எப்போதும் உதவாது. அதனால் கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்ப்பேன்: இந்த வார்த்தை காதில் விழும்போது, அரசியலில் இல்லாத, அந்தத் தலைவரைப் பிடிக்கவே பிடிக்காத ஒரு பெண்ணுக்கும் வலிக்குமா? குழந்தை இல்லாத ஒரு தலைவரை 'மலடி' என்றால், அந்தத் தலைவருக்கு எதிராக ஓட்டுப் போட்ட, குழந்தைக்காக ஏங்கும் பெண்ணுக்கும் அது போய்ச் சேர்கிறது. 'ஊழல்வாதி' என்றால் அவளுக்கு ஒன்றும் இல்லை.

மலடி என்பதைச் சும்மா எடுக்கவில்லை. 2007இல் பில் ஹெஃபர்னன் என்ற ஆஸ்திரேலிய செனட்டர், வேண்டுமென்றே பிள்ளை பெறாமல் இருப்பவர் என்ற பொருள்படும் சொல்லால் கில்லார்டைக் குறிப்பிட்டு, அப்படிப்பட்டவர் தலைமைக்குத் தகுதியில்லை என்று பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். அதற்கும் முன்பு, 2005இல், கில்லார்டின் வீட்டுச் சமையலறையில் எடுத்த ஒரு படம் செய்தித்தாளில் வந்தது. மேசைமேல் பழக்கூடை, அதில் பழம் இல்லை. அந்தக் காலிக் கூடையை வைத்து எவ்வளவோ பேசினார்கள். வீட்டில் ஒட்டுதல் இல்லாதவர், குடும்பம் இல்லாதவர், வாழ்க்கை வெறுமையானவர் என்றெல்லாம். வேலை நிமித்தம் வாரக்கணக்கில் வெளியூரில் இருக்கும் ஒரு ஆண் எம்.பி.யின் வீட்டில் பழக்கூடை காலியாக இருந்தால் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

பிள்ளை இல்லாவிட்டால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் 2017 ஆகஸ்டில் ஜெசிந்தா ஆர்டர்ன் தொழிலாளர் கட்சியின் தலைவரானார். ஆன சில மணி நேரத்திலேயே, குழந்தை பெறும் திட்டம் உண்டா என்று தொலைக்காட்சியில் அவரிடம் கேட்டார்கள். பெற்றாலும் கேள்வி, பெறாவிட்டாலும் கேள்வி. மென்மையாகப் பேசினால் தலைமைக்கு லாயக்கில்லை, கறாராகப் பேசினால் ராட்சசி. இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் மாதிரி.

நம் மொழியில் இது எப்படிக் கிடக்கிறது

ஆஸ்திரேலியாவைச் சொல்லிவிட்டு நம் வாசலை விட்டுவிட முடியாது. தமிழ் வசைச் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சில சொற்களுக்கு ஆண்பால் கிடைக்கவே கிடைக்காது. விபச்சாரி, வேசி என்று பெண்ணுக்கு எத்தனையோ உண்டு. அந்த இடத்துக்குப் போகும் ஆணைக் குறிக்க அதே வெறுப்போடு ஒரு சொல் பேச்சுவழக்கில் இருக்கிறதா? 'மலடன்' என்று அகராதியில் இருக்கலாம், யாரும் யாரையும் அப்படித் தெருவில் நின்று திட்டிக் கேட்டதில்லை. விதவைக்கு ஆண்பாலாகத் 'தபுதாரன்' என்று ஒரு சொல் பழைய நூல்களில் இருக்கிறது, அதை வசையாக்க யாருக்கும் தோன்றவில்லை. அடங்காப்பிடாரி, நீலி, பஜாரி, தாடகை, சூர்ப்பனகை எல்லாம் பெண்ணுக்கு மட்டும்தான். இதில் பிடாரி என்பது ஊரைக் காக்கும் அம்மன். எல்லையில் வைத்துக் கும்பிடும் தெய்வத்தின் பெயரை, வீட்டுக்குள் வாயைத் திறக்கும் பெண்ணுக்கு வசையாக்கி வைத்திருக்கிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

அப்புறம் ஆண்களைத் திட்டும் சொற்கள். 'ஆண்களையும்தானே திட்டுகிறார்கள், பெண்களை மட்டுமா' என்ற வாதம் இந்தப் பேச்சில் கட்டாயம் வரும். உண்மைதான், திட்டுகிறார்கள். எதைக் கொண்டு திட்டுகிறார்கள் என்று பாருங்கள். போராட்டத்தில் ஒரு அமைச்சரைக் கோழை என்று சொல்ல வேண்டும் என்றால் வளையல் அனுப்புகிறார்கள், சேலையும் குங்குமமும் அனுப்புகிறார்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் இது வழக்கமான போராட்ட முறை. கட்சிகளின் மகளிர் அணியினரே தாம்பாளத்தில் வளையல் வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். 'நீ பெண்ணுக்குச் சமம்' என்பதுதான் அந்த ஆணுக்கான அவமானம். அந்த வளையலைக் கையில் போட்டிருக்கும் பெண்தான் அதை அனுப்புகிறாள் என்பது என்னை எப்போதும் உறுத்தும் காட்சி. ஒரு பெண் சொன்னால் அது பெண்ணை இழிவுபடுத்தாது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'பொட்டை' என்று ஆணைத் திட்டுவதும் இதே கணக்குத்தான். அதில் பெண்களோடு திருநங்கைகளும் சேர்ந்தே மிதிபடுகிறார்கள்.

ஆணைக் காயப்படுத்த அவனுடைய அம்மாவைப் பற்றிப் பேசுவது அடுத்த வழி. 2021 சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்தில் திமுகவின் ஆ. ராசா, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் பிறப்பைச் சொல்லி ஒரு ஒப்பீடு செய்தார். அரசியல் வளர்ச்சியைத்தான் உவமையாகச் சொன்னேன் என்பது அவர் விளக்கம். ஆனால் அந்த உவமை நின்றது ஒரு தாயின் ஒழுக்கத்தின் மேல். பழனிசாமியின் தாயார் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் காலமாகியிருந்தார். பிரசார மேடையில் பழனிசாமி கண் கலங்கினார். ராசா வருத்தம் தெரிவித்தார், மன்னிப்பும் கேட்டார். தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் அவர் பிரசாரம் செய்யத் தடை விதித்தது. இதற்கு மூன்று வருடம் முன்பு, 2018இல், பாஜகவின் எச். ராஜா, திமுகவின் கனிமொழியின் பிறப்பைக் கேலி செய்து ட்விட்டரில் எழுதினார். அந்த வழக்கில் சென்னை சிறப்பு நீதிமன்றம் 2024 டிசம்பரில் அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்து, மேல்முறையீட்டுக்காக நிறுத்தி வைத்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்சி வேறு, குறிவைத்த ஆள் ஒரு தடவை ஆண், ஒரு தடவை பெண். ஆனால் பேச்சு இரண்டு தடவையும் போய் நின்ற இடம் ஒரு தாய். அந்த மேடையிலும் இல்லாத, அந்தச் சண்டையிலும் இல்லாத ஒரு பெண். திட்டு வாங்குபவர் ஆண் என்பதால் மட்டும் ஒரு வசை பாலின வசை இல்லை என்று ஆகிவிடாது.

பேர் சொல்லாமல் சொல்வது, பாராட்டிச் சொல்வது

எல்லா வசையும் நேரடியாக வருவதில்லை. 2018 பிப்ரவரி 7 அன்று மாநிலங்களவையில் பிரதமர் மோடி பேசிக்கொண்டிருந்தபோது காங்கிரஸ் உறுப்பினர் ரேணுகா சௌத்ரி சத்தமாகச் சிரித்தார். அவைத் தலைவர் அவரைக் கண்டித்தார். மோடி குறுக்கிட்டு, அவரை விடுங்கள், ராமாயணத் தொடருக்குப் பிறகு இப்படி ஒரு சிரிப்பைக் கேட்கும் பாக்கியம் இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது என்ற பொருளில் சொன்னார். அவையில் ஒரு பக்கம் முழுக்கச் சிரிப்பு. யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. பிறகு அவருடைய அமைச்சர்களில் ஒருவர் அந்தத் தொடரின் சூர்ப்பனகை காட்சியைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார்.

அவையில் பேச்சுக்கு இடையூறு செய்வது தவறு என்று சொல்லலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. அதைச் செய்யாத கட்சியும் இல்லை. ஆனால் ஆண் உறுப்பினர் மேசையைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தால் 'இடையூறு' என்ற அளவில் நிற்கும் பேச்சு, பெண் சிரித்ததும் காட்டுக்குள் இருக்கும் அரக்கி வரை போகிறது. 'பொம்பளை சிரிச்சா போச்சு' என்று சொல்லி வளர்த்த ஊரில் அதற்கு விளக்கம் தேவைப்படாது, எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும். சொல்லாமலே புரிகிறது என்றால் அந்த நினைப்பு நமக்குள் எவ்வளவு ஊறியிருக்க வேண்டும்!

பாராட்டு வடிவத்திலும் இது வரும். இந்திரா காந்தி 1966 ஜனவரியில் பிரதமரான புதிதில் அவரை 'கூங்கி குடியா' என்றார் ராம் மனோகர் லோகியா. இந்தியில் ஊமைப் பொம்மை என்று பொருள். சில வருடங்களில் அவர் தன் கட்சியின் பெரிய தலைகளையே ஓரங்கட்டி, 1971இல் பெரும்பான்மையோடு ஜெயித்தார். அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? 'அவருடைய அமைச்சரவையில் அவர் ஒருவர்தான் ஆண்'. இதை வியந்து, மரியாதையாகச் சொன்னார்கள். பேசாதபோது பொம்மை, ஏனென்றால் பெண். திறமையாக ஆண்டபோது ஆண், ஏனென்றால் பெண்ணுக்குத் திறமை இருக்காது. இரண்டு வாக்கியமும் ஒரே வயிற்றில் பிறந்தவை. உளவியலாளர்கள் பீட்டர் கிளிக்கும் சூசன் ஃபிஸ்கும் 1996இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். வெறுப்பாக வரும் பாகுபாடு ஒரு வகை, கனிவாக வரும் பாகுபாடு இன்னொரு வகை என்றார்கள். பெண்ணைத் தாங்குவது, போற்றுவது, ஆனால் அவளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் அவள் இருக்கும் வரைக்கும்தான். அந்த இடத்தைத் தாண்டினால் முதல் வகை வந்துவிடும்.

அப்போது பெண் தலைவர்களை விமர்சிக்கவே கூடாதா?

நிச்சயம் விமர்சிக்க வேண்டும். கடுமையாகவே. 1975இல் இந்திரா காந்தி நெருக்கடி நிலை கொண்டுவந்து எதிர்க்கட்சியினரைச் சிறையில் அடைத்தார், பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டார். அவரைச் சர்வாதிகாரி என்று சொல்வதில் பாலினம் எங்கேயும் இல்லை. வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்த வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று ஜெயலலிதாவுக்குப் பெங்களூரு தனி நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றியும், அதன்பின் மேல்முறையீடுகளில் நடந்ததைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அதே ஜெயலலிதாவைப் பற்றி மேடைகளில் இரட்டை அர்த்தத்தில் பேசிக் கைதட்டு வாங்கியவர்களும் இருந்தார்கள். சொத்துக் கணக்கைப் பேசியது அரசியல். உடம்பையும் சினிமாவில் நடித்த காலத்தையும் பேசியது வேறு.

தன்மீது வரும் நியாயமான கேள்வியைத் தவிர்க்க ஒரு பெண் தலைவர் 'நான் பெண் என்பதால்தான் கேட்கிறீர்கள்' என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. கில்லார்ட் மேலேயே அந்தக் குற்றச்சாட்டு வந்தது. 2012 அக்டோபர் 9 அன்று நாடாளுமன்றத்தில் அவர் பேசிய பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. பாலினப் பாகுபாட்டைப் பற்றியும் பெண் வெறுப்பைப் பற்றியும் இந்த மனிதர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று அபாட்டைப் பார்த்துச் சொல்லி, அவர் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். 'சூனியக்காரி' அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றதையும் சொன்னார். கேட்ட பல பெண்களுக்கு, தங்கள் அலுவலகத்தில் தாங்கள் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அந்தப் பேச்சையொட்டி ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி அகராதி, 'பெண் வெறுப்பு' என்பதற்கான சொல்லின் விளக்கத்தை விரித்தது. வெறுப்பு மட்டுமல்ல, வேரூன்றிய தப்பெண்ணமும் அதில் சேரும் என்று எழுதியது.

ஆனால் அன்றைக்கு அவையில் விவாதத்தில் இருந்தது என்ன? பீட்டர் ஸ்லிப்பர் என்ற அவைத் தலைவரை நீக்க வேண்டும் என்ற அபாட்டின் தீர்மானம். காரணம், பெண்களைக் கீழ்த்தரமாகக் குறிப்பிட்டு ஸ்லிப்பர் அனுப்பிய குறுஞ்செய்திகள். கில்லார்டின் கட்சி அந்தத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. அரசுக்கு ஒவ்வொரு ஓட்டும் முக்கியமாக இருந்த நேரம் அது. ஸ்லிப்பர் அன்றே தானாகப் பதவி விலகினார். கில்லார்டின் பேச்சு உண்மை, அன்றைய வாக்கெடுப்பில் அவர் எடுத்த நிலைப்பாடு கேள்விக்குரியது. இரண்டையும் சேர்த்தே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். தன் முகாமுக்கு அடி விழும்போது மட்டும் பாலின வசை கண்ணில் படுவது எல்லா ஊரிலும் உள்ள வியாதி.

அதற்கு மாறாக நடந்த ஒன்று எனக்குப் பிடித்தது. 2022 அக்டோபரில் திமுக பேச்சாளர் ஒருவர், பாஜகவில் இருந்த நடிகைகள் குஷ்பு, நமீதா, காயத்ரி ரகுராம், கௌதமி ஆகியோரைப் பற்றிக் கேவலமாகப் பேசினார். குஷ்பு ட்விட்டரில் கனிமொழியையும் குறிப்பிட்டுக் கேள்வி கேட்டார். ஒரு பெண்ணாகவும் மனிதராகவும் இதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்று கனிமொழி பதில் எழுதினார். எதிர்க்கட்சிக்காரருக்கு, தன் கட்சிக்காரர் பேசியதற்காக. பெரிய விஷயமா என்றால், நம் அரசியலில் பெரிய விஷயம்தான்.

'நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை' என்ற பதிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். கோபத்தில் வாய்க்கு வந்த சொல் அது. ஆனால் பேசுபவரின் மனசும் சொல்லின் வேலையும் வேறு வேறு. ஒரு வசை பாலின வசையா என்று கேட்கும்போது பேசியவர் கெட்டவரா என்று கேட்கவில்லை, அந்தச் சொல் எதை வைத்துக் குத்துகிறது என்றுதான் கேட்கிறோம். இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

விதி ஏற்கெனவே இருக்கிறது

இந்தியாவில் இதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. மற்ற கட்சிகளை விமர்சித்தால் அவர்களுடைய கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொது வாழ்க்கையோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடக்கூடாது. இதன்படி 2019இல் ஜெயப்பிரதாவைப் பற்றிப் பேசிய சமாஜ்வாதி கட்சியின் ஆசம் கானுக்கு 72 மணி நேரத் தடை. 2024 ஏப்ரலில் ஹேமமாலினியைப் பற்றிப் பேசிய காங்கிரஸின் ரண்தீப் சுர்ஜேவாலாவுக்கு 48 மணி நேரம். அடுத்த மாதமே மம்தா பானர்ஜியைப் பற்றிப் பேசிய பாஜக வேட்பாளர் அபிஜித் கங்கோபாத்யாய்க்கு 24 மணி நேரம்.

சட்டமும் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 509க்குப் பதிலாக வந்தது. ஆனால் அது ஒரு பெண்ணின் 'நாணத்தை' அவமதிக்கும் சொல் என்றுதான் குற்றத்தை வரையறுக்கிறது. இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெண்ணுக்கு நாணம் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் காக்கப்பட வேண்டியது என்பதே பழைய காலத்து அளவுகோல். தலைவராக வந்த பெண்ணுக்கு நடக்கும் அநியாயம் நாணம் குலைவது அல்ல. ஒரு குடிமகளாக அவருக்கு உள்ள சம இடம் மறுக்கப்படுவதுதான்.

யாருக்கு நஷ்டம்

அம்னஸ்டி அமைப்பின் இந்தியப் பிரிவு 2019 மார்ச் முதல் மே வரை, மக்களவைத் தேர்தல் சமயத்தில், 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த 1,14,716 ட்வீட்களை எடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய ஏழில் ஒன்று வசை, அல்லது வசைக்கு நெருக்கமானது. முஸ்லிம் பெண்களுக்கு அதோடு மதமும், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குச் சாதியும் சேர்ந்து வந்தன. உலக நாடாளுமன்றங்களின் ஒன்றியம் 2016இல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் உறுப்பினர்களிடம் பேசியபோது 81.8 சதவீதம் பேர் மனரீதியான வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். இது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பதவியும் பாதுகாப்பும் உள்ள பெண்களின் நிலை அது.

2024இல் மக்களவைக்குத் தேர்வான 543 பேரில் பெண்கள் 74. தமிழ்நாட்டில் 2021இல் தேர்வான 234 சட்டமன்ற உறுப்பினர்களில் 12. இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் கட்சிகள் சீட்டுக் கொடுக்காததுதான் முதல் காரணம். ஆனால் 'மேடை ஏறினால் நம் பெண்ணை என்னென்ன பேசுவார்கள்' என்று வீட்டில் சொல்லித் தடுப்பதும் ஒரு காரணம். அந்த வீட்டுக்காரர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் சங்கடம்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் கிராம சபைக் கூட்டம். தலைவர் ஒரு பெண், முதல் முறை ஜெயித்தவர். பத்து நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை, மோட்டார் பழுது. ஒருவர் எழுந்து, மோட்டாரைச் சரி பார்க்கக் கொடுத்தீர்களா, எவ்வளவு செலவு, பில் எங்கே என்று கேட்டார். நல்ல கேள்வி. தலைவர் தடுமாறினார், கையில் இருந்த நோட்டைப் புரட்டினார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல்: 'புருஷன்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லும்மா, ராத்திரி கேட்க நேரம் இல்லையா?' கூட்டம் சிரித்தது. தலைவரின் தம்பி பாய்ந்தார், இரண்டு தரப்பும் கைகலக்கப் போய், ஊர்ப் பெரியவர்கள் விலக்கினார்கள். பேச்சு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே ஆனது. முன் வரிசையில் காலிக் குடத்தோடு வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து போனார்கள். மோட்டார் பில்லைப் பற்றி அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. தலைவரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய நெருக்கடியே அவருக்கு வரவில்லை.

கான்பெராவிலும் இதுதான் நடந்தது. வாக்கு மீறினாரா என்ற கேள்வி, அட்டைகளின் பேச்சில் பின்னுக்குப் போய்விட்டது. 2013 ஜூனில் கில்லார்ட் கட்சித் தலைமைப் போட்டியில் தோற்றுப் பிரதமர் பதவியை விட்டார். அன்று பத்திரிகையாளர்களிடம் பேசும்போது, முதல் பெண் பிரதமர் என்பதற்கு வந்த எதிர்வினை என் ஆட்சிக்காலத்தில் நடந்த எல்லாவற்றையும் விளக்கிவிடாது, அதே நேரம் எதையுமே விளக்காது என்றும் சொல்ல முடியாது என்றார். தனக்கு அடுத்து வரும் பெண்ணுக்கும், அவருக்கு அடுத்து வருபவருக்கும் இது எளிதாக இருக்கும் என்று உறுதியாக நம்புவதாகவும் சொன்னார்.